லூர்துராஜுக்குக் கேட்காமல் போன குரல்

கைப்பேசியில் "லூர்து" என்று பெயர் வந்தபோது நான் திருவொற்றியூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காலையிலேயே அவர் அழைத்தால் பாட்டு விஷயமாகத்தான் இருக்கும். "இன்னா மாமு, இன்னிக்கி எந்த வரி ஒதைக்குது?" என்று கேட்டேன். பதிலுக்கு வந்தது அவர் மகள் ரெஜினாவின் குரல். "மாமா, அப்பா போயிட்டாரு." எனக்கு உடனே புரியவில்லை. "எங்கம்மா?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவரை அவர் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். வழக்கம்போலக் காதில் விழவில்லை என்று நினைத்துச் சமையலறைக்குத் திரும்பிவிட்டார். மாரடைப்பு என்று பிறகு டாக்டர் சொன்னார்.

இதை ராயபுரத்தில் நம் கோயில் பாடகர் குழுவில் அவரோடு நின்றவர்களுக்காக எழுதுகிறேன். லூர்துராஜ் நம் குழுவை நடத்தினார். நான் கீபோர்டு வாசித்தேன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவரைப் பற்றி நல்லதாக மட்டும் நாலு வார்த்தை எழுதச் சொன்னார் ஃபாதர். அவரை அறிந்த உங்களிடம் அப்படி எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

கடுமையான மனிதர். பயிற்சிக்குத் தாமதமாக வருகிறவர்களைப் பாட்டு முடியும்வரை வாசலிலேயே நிற்க வைப்பார். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தது வேறெங்கும் கிடைக்காது. "மொதல்ல பக்கத்துல நிக்கறவன் பாடறத கேளு. அப்பால உன் வாயத் தொற" என்பார். ஒரு நாள் பயிற்சிக்கு நடுவே துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு ஊதியது. எல்லோரும் நிறுத்திவிட்டோம். அவர் மட்டும் கையை உயர்த்தி அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஜோசப்பு, அது இன்னா ஸ்வரம்னு பாரு" என்றார். தேடிப் பிடித்து வாசித்தேன். பாட்டையே அந்தச் சுருதிக்கு மாற்றிப் பாட வைத்தார். "கப்பலே சுருதி குடுக்குது, உங்களுக்கு இன்னா?" என்று சிரித்தார். அவர் சிரித்த நாட்கள் குறைவு என்பதால் அது நினைவிருக்கிறது.

வேலை திருவொற்றியூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் கொட்டகையில். இரும்புத் தகடுகளை வெட்டுவது, தேய்ப்பது, சம்மட்டியால் அடித்து வளைப்பது. நான் ஒரு முறை அவரைப் பார்க்க உள்ளே போயிருக்கிறேன். பேசுவதற்கு வாயைக் காதருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதற்கு, "பஞ்சு வெச்சிகினா மேல கிரேன் வர்றது எப்டி தெரியும்? தலையா காதான்னா தலைதான் மாமு" என்றார். இளவயதிலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

இனி, உங்களில் பலர் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருடத் தவக்காலத்தில், ஈஸ்டர் பூசைக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பாடும் மேல் குரலில் பிலோமினா நின்றிருந்தாள். அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுவிட்டு, கடை முடிந்ததும் நேராகக் கோயிலுக்கு வந்து இங்கேயும் நிற்பாள். மெல்லிய குரல். சத்தம் போடத் தெரியாது; ஆனால் சுருதியை விட்டு ஒரு நூல்கூட விலகாது.

லூர்து பாட்டை நடுவில் நிறுத்தினார். இரண்டாவது முறையும் நிறுத்தினார். பிறகு அவளைப் பார்த்து, "பிலோ, வாய மட்டும் ஆட்டிகினு நிக்காதே. பாடறதுன்னா பாடு, இல்லன்னா ஒக்காரு" என்றார்.

"பாடிகினுதான் கீறேண்ணே" என்றாள்.

"எனக்குக் கேக்கல."

"நெஜமா பாடறேண்ணே."

"நான் இத்தினி வருசமா இங்க நின்னுகினு கீறேன். எனக்குக் கேக்கலன்னா நீ பாடலன்னு அர்த்தம். கோயில்ல வந்து டபாய்க்காதே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிலோமினா கையிலிருந்த பாட்டுத் தாளைப் பெஞ்சின்மேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். கீபோர்டின் ஒலிபெருக்கி என் காதருகே இருந்ததால் அவள் பாடினாளா என்று எனக்கும் தெரியவில்லை. அதன்பிறகு அவள் வரவே இல்லை. கொஞ்ச நாளில் அவள் குடும்பம் ராயபுரத்தைவிட்டு மாத்தூருக்குக் குடிபோனது என்று கேள்விப்பட்டோம்.

அவள் நின்ற இடத்தில் வேறு இரண்டு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார் லூர்து. அவர்களும் பாடவில்லை என்றார். மைக்கை மாற்றினோம். "மேல கூரையே இல்லாத வூடு மாதிரி கீது பாட்டு" என்று புலம்பினார். அவர் புலம்பலை யாரும் சந்தேகிக்கவில்லை. குழுவில் நல்ல காது அவருடையதுதான் என்று எல்லோரும் நம்பினோம். அவரும் நம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினா தன் பழைய கைப்பேசியை அவருக்குக் கொடுத்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் உட்கார்ந்து நம் பயிற்சிப் பதிவுகளைக் கேட்டுத் திருத்தங்கள் சொல்லலாம் என்று யோசனை. இரண்டாவது நாளே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னா மாமு இது, தண்ணித் தொட்டிக்குள்ள நின்னு பாடற மாதிரி கீது. இந்த ஹெட்போனு நாஸ்தி" என்றார். பீச் ஸ்டேஷன் எதிரே உள்ள கடைகளுக்கு இருவரும் போனோம். ஒன்று வாங்கினார், சரியில்லை என்று இன்னொன்று வாங்கினார். ஒவ்வொன்றையும் காதில் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்.

கடைசியில் ரெஜினாதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். இயர்போன் வலையில் அடைந்திருந்த அழுக்கை மெல்லிய பிரஷால் தட்டி எடுத்தாள். காதுக்குள் போகும் ரப்பர் சின்னதாக இருந்ததைப் பார்த்துப் பெரியது மாற்றினாள். காதில் சரியாக அடைத்து உட்காராவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பாதிச் சத்தம் வெளியே போய்விடும் என்றாள். கீழ்ச்சத்தத்தைக் கூட்டும் "பாஸ் பூஸ்ட்" என்பதை யாரோ போட்டு வைத்திருந்தார்கள், அதை அணைத்தாள். பாட்டுச் செயலியில் தரம் "லோ" என்று இருந்ததை மேலே ஏற்றினாள். கீழ், நடு, மேல் சத்தங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைத் திறந்து, "அப்பா, புடிச்சதையெல்லாம் ஏத்திகினே போவாத, கரகரன்னு ஆயிடும். எது தொல்லை பண்ணுதோ அத எறக்கு, அப்பால மொத்த சத்தத்த ஏத்து" என்று காட்டினாள்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதிலிருந்துதான் அவர் குழுவுக்கு அந்தக் கட்டளை போட்டார். வாட்ஸப்பில் மைக் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்புவதுபோலப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பக் கூடாது. அதில் பாட்டு தேய்ந்துவிடுகிறது. ரெக்கார்டரில் நல்ல தரத்தில் எடுத்து டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். நாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அப்படித்தான் அனுப்பினோம். நம் குரல்கள் நமக்கே தெளிவாகக் கேட்டன. அவருக்கு மட்டும் திருப்தியில்லை. "எல்லாம் கேக்குது மாமு. கீழ கேக்குது, நடுவுல கேக்குது. மேலதான் யாரோ துணி போட்டு மூடினாப்ல கீது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கைப்பேசியின் ஒலி அமைப்புகளில் காதுக்கேற்ப ஒலியை மாற்றும் வசதி ஒன்று இருப்பதை ரெஜினா கண்டுபிடித்தாள். அதில் மெல்லிய கீச்சொலிகள் ஒவ்வொரு காதிலும் மாறி மாறி வரும். கேட்டால் திரையைத் தொட வேண்டும். யாருக்கு எந்த ஒலி குறைவாகக் கேட்கிறதோ அதைக் கைப்பேசி கூட்டிக் கொடுக்கும். அவ்வளவுதான். விளையாட்டுப்போலத் தொடங்கினார். முதலில் விரல் சட்சட்டென்று தொட்டது. பிறகு நின்றுவிட்டது. கண்ணை மூடிக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

"இன்னாமே, நின்னுபோச்சி. ஒண்ணும் வர்ல."

"வருதுப்பா" என்றாள் ரெஜினா, திரையைப் பார்த்தபடி.

"எங்க வருது? ஒயரு அறுந்துகீதோ இன்னாவோ. ஜோசப்பு, நீ கேளு."

ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் காதில் வைத்தேன். குருவிக் குஞ்சு கத்துவதுபோல் ஒலி தெளிவாக வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.  

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது மாமு."

"எத்தினி நேரமா?"

"வெச்சதிலேர்ந்து."

இயர்போனைத் திரும்ப வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு சோதனையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். கேட்காத இடங்களில் இம்முறை முறைப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. விரலை மடியில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் கைப்பேசி அவர் காதுக்கென்று ஒலியை மாற்றியது. "இப்போ பாட்டு போட்டுப் பாருப்பா" என்றாள் ரெஜினா, உற்சாகமாகத்தான். அவர் பதிவுகளில் பின்னால் போய்த் தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஈஸ்டர் பயிற்சியன்று கீபோர்டு ஸ்டாண்டில் என் கைப்பேசியை வைத்து எடுத்த பதிவு, குழுவில் எல்லோருக்கும் அனுப்பியும் அன்றைய சண்டையால் யாரும் போட்டுக் கேட்காதது, அதைத்தான் எடுத்தார். அதில் முதல்முறை அவர் பாட்டை நிறுத்தும்வரை கேட்டார். இரண்டாம் முறை நிறுத்தும்வரை கேட்டார். அதன்பிறகு வரும் பேச்சையும் கேட்டார். பிறகு இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பாடிகினுதான் கீறா" என்றார். "எல்லாருக்கும் மேல, அவ ஒருத்திதான் சரியா பாடிகினு கீறா."

ரெஜினா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் என்னை அழைத்துக்கொண்டு மாத்தூருக்குப் போனார். போகும்போது பஸ்ஸில் நான் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன். காது இப்படி என்று சொன்னால் பிலோமினா புரிந்துகொள்வாள், நல்ல பெண், என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

சின்ன வீடு. அவள்தான் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துப் பின்னலைச் சரி செய்துகொண்டாள். "உள்ள வாங்கண்ணே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். லூர்து வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றியவருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பிலோ, அன்னிக்கி நீ பாடிகினுதான் இருந்த. நான் பாடலன்னு சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதான், வூடு தேடி வந்து சொல்ட்டுப் போலாம்னு வந்தேன்."

 நான்தான் இடையில் புகுந்து, "அது இன்னான்னா பிலோ, அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தேன். லூர்து என் கையைப் பிடித்து அழுத்தினார். வலிக்கும்படி அழுத்தினார். நிறுத்திக்கொண்டேன்.

பிலோமினா டீ போட்டுக் கொண்டுவந்தாள். அதற்குள் அவரும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் சுவரோரம் நின்றபடியே பேசினாள், குரலில் கோபமில்லை. "நீங்க சொல்ட்டுப் போயிட்டீங்கண்ணே. எனக்கு அப்பால வாயத் தொறந்தாலே, சத்தம் வருதா இல்ல வாய்தான் ஆடுதான்னு டவுட்டு வந்துடும். இங்க கீற கோயில்ல கூப்ட்டாங்க. போய் நின்னேன். எல்லாரும் என் வாயயே பாக்கற மாதிரி இருந்துச்சி. வந்துட்டேன். இப்போ வூட்ல துணி தோய்க்கும்போதுகூட பாடறதில்ல."

"திரும்பி வர்றியா?" என்று கேட்டார்.

"வேணாம்ணே."

அவர் மறுபடி கேட்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். எழுந்து கும்பிட்டார். தன்னைவிட வயதில் மிகவும் சிறியவளை அவர் கும்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். அவளும் பதறவில்லை, தடுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம். "காது போச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் மாமு. ஏன் என் வாய அடைச்ச?" என்று கேட்டேன்.  மணலி தாண்டி வரிசையாக நின்ற டேங்கர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் பேசினார்.

"காது கெட்டுப்போச்சின்னு சொன்னா அவ பாவம் பாப்பா. பாவம் பாத்தா மன்னிச்சிடுவா. அப்பால கஷ்டப்பட்டவ அவ இல்ல, நானுன்னு ஆயிடும். அது வேணாம் ஜோசப்பு. காது கேக்கலங்கறது வேற. அவ பாடறேன்னு சொல்றா, நான் நம்பல. அதுக்கும் காதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அடுத்த பயிற்சியில் அவர் உங்கள் முன்னால் நின்று சொன்னது நினைவிருக்கும். "எனக்கு மேல் குரல் கேக்கல. ரொம்ப நாளா கேக்கலன்னு இப்பதான் தெரிஞ்சிச்சி. கேக்காதவன் நடத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குழுவை, வீட்டில் தன்னிடமே பாட்டுக் கற்ற ரெஜினாவிடம் ஒப்படைத்தார். "ஒண்ணே ஒண்ணு. இத மாத்தூருக்கு யாரும் கொண்டு போவாதீங்க" என்றும் கேட்டுக்கொண்டார். ராயபுரத்தில் ஒரு செய்தி ஒரு தெருவைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் நாம் அதைக் காப்பாற்றினோம்.

அதன்பிறகு அவர் ஆண்களின் கடைசி வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடினார். அரசு மருத்துவமனையில் பார்த்ததில், தொழிற்சாலைச் சத்தத்தால் போன காது, திரும்பாது என்று சொன்னார்கள். காதுக் கருவி ஒன்று வாங்கிப் போட்டார். கூட்டத்தில் எல்லாச் சத்தமும் சேர்ந்து இரைகிறது, பேஜாரு என்று வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டார். தனியாக இருக்கும்போது இயர்போனை மாட்டிக்கொள்வார். புதுப் பாட்டுகள் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு பதிவைத்தான் கேட்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நல்லா கேக்குது மாமு. நல்லா கேக்கறததானே கேக்கணும்" என்பார். கடைசி மாதங்களில், பாட்டு வரியில் சந்தேகம் கேட்கக் காலையில் அழைப்பதைத் தவிர, பேச்சு மிகவும் குறைந்துபோயிற்று. நாங்கள் இருவரும் பீச் ஸ்டேஷன் பக்கம் போவதும் நின்றுபோயிற்று.

அடக்கத்தன்று பிலோமினா வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், பெண்களோடு நின்றாள். பெட்டியருகே அவர் மனைவி, "ரெண்டு வாட்டி கூப்ட்டேனே, காதுல வுழலன்னு வுட்டுட்டேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். பிலோமினா பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ கேட்பதைக் கண்டேன். அந்தப் பெண் தன் காதைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னாள்.

கல்லறையில் நாம் பாடினோம். மேல் குரல் பாடிய ரெஜினாவால் பாதியில் முடியவில்லை. அந்தக் குரல் அறுந்துபோயிற்று. மற்றவர்கள் எப்படியோ இழுத்துக்கொண்டு போனோம். பலருடைய கண்கள் பிலோமினா பக்கம் திரும்பியதைக் கவனித்தேன். அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அவள் பாடவில்லை.

மண் போட்டு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "அண்ணனுக்குக் காது கேக்காதாமே. எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா. அவருக்கே தெரியாது."

"எங்க வூட்டுக்கு வந்தப்போ?"

"அப்போ தெரியும்."

குழியின் பக்கம் திரும்பினாள். "சொல்லியிருந்தா நான் திரும்பி வந்திருப்பேண்ணே" என்றாள். பிறகு, "அதனாலதான் சொல்லல போல" என்றாள். நான் பஸ்ஸில் அவர் சொன்னதைச் சொல்ல நினைத்தேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். போன வாரப் பயிற்சிக்கும் அவள் வரவில்லை. வருவாள் என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

லூர்துராஜ் நடத்திய பாட்டுகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோபத்தையும், வாசலில் நிற்கவைத்த நாட்களையும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவர்தான். நான் வைத்துக்கொள்வது, செருப்பைக் கழற்றிவிட்டு மாத்தூரில் ஒரு வீட்டு வாசலில் நின்ற மனிதரை. யாரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு காரணம், பொய்யே இல்லாத ஒரு காரணம், அவர் வாய்வரை வந்திருந்தது. அதைச் சொல்லாமல், தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார்.